சாமி படமும் ஜப்பான் அலையும்: நம் வீட்டுச் சுவர்களின் வரலாறு



இந்தக் காலாண்டு இதழுக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரும்படி கேட்டார்கள். சமீன், கோவில், கண்மாய் என்று எழுதுவதற்கு நம் சேத்தூரில் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. நான் எடுத்துக்கொண்டது அவற்றைவிடச் சின்ன விஷயம். நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படங்கள்.

சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போனால், ஹாலில் ஒரு படம் அடிக்கடி கண்ணில் படும். பெரிய நீல அலை ஒன்று விரல் விரித்த கை போல எழுந்து நிற்கும். அடியில் படகுகள். தூரத்தில் சின்னதாக ஒரு பனிமலை. ஆன்லைனில் பிரேமோடு வாங்கியிருப்பார்கள். அது ஜப்பானியர் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த ஒரு படத்தின் நகல். இங்கே ஊரில் பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது தாத்தா காலத்துச் சாமி படங்கள் கோவில் வேப்பமரத்தடிக்குப் போகின்றன. குப்பையில் போட மனம் வருவதில்லை. புது வீட்டில் மாட்ட இடமும் இருப்பதில்லை.

இந்த இரண்டு படங்களும் ஒரே வகையறா. இரண்டுமே சாதாரண மக்களின் வீட்டுக்காக, குறைந்த விலைக்கு, ஆயிரக்கணக்கில் அச்சடித்தவை. ஜப்பானியர் தம் படத்தை மலிவென்று நினைத்துக் கைவிட்டு, பிறகு அதையே வெளிநாட்டிலிருந்து காசு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். நம் படத்துக்கும் அந்த நிலை வராமல் இருக்க இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எடோ நகரத்துச் சுவர்கள்

இன்றைய டோக்கியோவின் பழைய பெயர் எடோ. 18-ஆம் நூற்றாண்டிலேயே சுமார் பத்து லட்சம் பேர் வாழ்ந்த ஊர் அது. வியாபாரிகளும் கைத்தொழில் செய்பவர்களும் நிறைந்த ஊர். பிரபுக்களைப் போல ஓவியரை வரவழைத்துத் திரை எழுதச் சொல்ல அவர்களுக்கு வசதி கிடையாது. ஆனால் வீட்டில் அழகாக ஒரு படம் வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டுதானே? அந்த ஆசையை நம்பிப் பிறந்ததுதான் 'உகியோ-இ' என்னும் அச்சுப் படத் தொழில்.

பி.காம். படித்தவன் கண்ணுக்கு இதில் முதலில் தெரிவது தொழில் ஏற்பாடு. ஒரு படத்துக்கு நான்கு பேர். முதல் போடுகிறவர் பதிப்பாளர். எந்தப் படம் விற்கும் என்று கணித்து, மற்ற மூவருக்கும் கூலி கொடுத்து, கடை போட்டு விற்பது அவர் வேலை. ஓவியர் கோட்டுப்படம் வரைந்து கொடுப்பார். செதுக்குகிறவர் அந்தத் தாளைக் காட்டுச் செர்ரி மரப்பலகையில் குப்புற ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் குடைந்து எடுப்பார். அச்சடிக்கிறவர் பலகையில் வண்ணம் தடவி, தாளை மேலே வைத்து, வட்டமான தேய்ப்பான் ஒன்றால் பின்பக்கம் அழுத்தித் தேய்ப்பார். அச்சு இயந்திரம் எதுவும் கிடையாது.

1765 வாக்கில் சுசுகி ஹருநோபு என்ற ஓவியரின் காலத்தில் முழு வண்ணப் படங்கள் வந்தன. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனிப் பலகை. பத்து வண்ணம் என்றால் ஒரே தாள் பத்து முறை பலகை மேல் ஏறி இறங்க வேண்டும். ஒரு நூல் அளவு தள்ளிப்போனாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு வந்துவிடும். அதற்காகப் பலகையின் ஓரத்தில் இரண்டு சிறு வெட்டுகள் வைத்தார்கள். தாளின் மூலையையும் விளிம்பையும் அதில் பொருத்தினால் ஒவ்வொரு வண்ணமும் தன் இடத்தில் போய் உட்காரும்.

இவ்வளவு வேலைப்பாடு உள்ள படத்தின் விலை ஏறக்குறைய ஒரு கிண்ணம் நூடுல்ஸ் விலைதான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். படத்தில் இருந்தது என்ன? கபுகி நாடக நடிகர்கள், அழகிகள், சுமோ மல்லர்கள், பிறகு மலையும் கடலும் சாலையும். நம் ஊரில் சினிமா நட்சத்திரப் படம் விற்ற மாதிரிதான். வீட்டுத் தூணில் தொங்கவிடுவதற்கென்றே சுமார் 70 சென்டிமீட்டர் நீளமும் 12, 13 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒடுக்கமான படங்களும் உண்டு. தூண் வைத்த வீடுகளில் வளர்ந்த நமக்கு அதன் பயன் உடனே புரியும்.

நம் பிள்ளைகள் மாட்டியிருக்கும் அந்த அலைப் படம், கத்சுஷிகா ஹொகுசாய் என்பவர் 1831 வாக்கில் வரைந்தது. பியூஜி மலையின் 36 காட்சிகள் என்ற வரிசையில் ஒன்று. வரிசை நன்றாக விற்றதால் மேலும் 10 சேர்த்து மொத்தம் 46 படங்களாக வெளியிட்டார்கள். தலைப்பு மட்டும் 36 என்றே நின்றுவிட்டது. அந்த ஆழ்ந்த நீலம் ஐரோப்பாவில் கண்டுபிடிக்கப்பட்டு, கப்பலேறி ஜப்பானுக்கு வந்த சாயம். வெளிநாட்டுச் சரக்கை வாங்கித் தன் பாணியில் பயன்படுத்தியிருக்கிறார். இதை நினைவில் வையுங்கள். நம் கதையிலும் இப்படி ஒன்று வரும்.

கையை விட்டுப் போன கதை

1850-களில் ஜப்பான் வெளிநாட்டு வணிகத்துக்குக் கதவைத் திறந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் போட்டோவும் கல்லச்சும் நுழைந்தன. மரக்கட்டைப் படம் பழைய மோஸ்தர் ஆகிவிட்டது. பீங்கான் சாமான்களைச் சுற்றி அனுப்பும் காகிதமாகக்கூட அந்தப் படங்கள் ஐரோப்பா போய்ச் சேர்ந்தன என்று ஒரு கதை சொல்வார்கள்.

பிரெஞ்சு ஓவியர்கள் அவற்றைப் பார்த்து மலைத்துப்போனார்கள். குளோத் மோனே 200-க்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்தார். அவருடைய ஜிவெர்னி வீட்டில் சாப்பாட்டு அறைச் சுவரெல்லாம் ஜப்பானியப் படங்கள்தான். வான்கோ 1887-இல் ஹிரோஷிகேயின் படங்களைப் பார்த்துத் தைல வண்ணத்தில் வரைந்து பழகினார். ஹயாஷி ததமாசா என்ற ஜப்பானிய வியாபாரி பாரிசில் கடை வைத்து, ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான படங்களைத் தன் நாட்டிலிருந்து தருவித்தார். இன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் மட்டும் சுமார் 50,000 ஜப்பானிய அச்சுப் படங்கள் இருக்கின்றன.

ஜப்பானில் இதை உணர்ந்தவர்களும் இருந்தார்கள். கோபே நகரில் கப்பல் கட்டும் நிறுவனம் நடத்திய மத்சுகாத்தா கோஜிரோ, 1920 வாக்கில் பாரிஸ் நகை வியாபாரி ஆன்றி வெவேரிடமிருந்து சுமார் 8,000 படங்களை மொத்தமாக விலைக்கு வாங்கித் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தார். இன்று அவை டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தன் வீட்டுப் பண்டத்தையே கடல் தாண்டிப் போய் வாங்கிவந்த கதை இது.

ஹொகுசாயின் அலை ஆயிரக்கணக்கில் அச்சானது. இன்று உலகம் முழுக்கத் தேடியும் அந்தக் காலத்துப் பிரதிகள் நூற்றுச் சொச்சம்தான் கண்டறியப்பட்டிருக்கின்றன. அதில் ஒன்று 2023 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் சுமார் 27 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. நம் கணக்கில் 22 கோடி ரூபாய்க்கு மேல். 2024 ஜூலையில் ஜப்பான் வெளியிட்ட புதிய 1,000 யென் நோட்டின் பின்பக்கத்திலும் அந்த அலைதான். ஒரு காலத்தில் நூடுல்ஸ் விலைக்கு விற்ற படம் இன்று கரன்சியில் ஏறிவிட்டது.

மரக்கட்டையிலிருந்து கல்லுக்கு

நம் நாட்டிலும் மரக்கட்டைப் படம் உண்டு. கல்கத்தாவின் பட்தலா பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் மரக்கட்டையில் சாமி படம் அச்சடித்துக் கையால் வண்ணம் தீட்டி விற்றார்கள். தமிழில் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களில் வந்த படங்கள் மரக்கட்டையில் செதுக்கியவை. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையைப் புரட்டியவர்களுக்கு அந்தத் தடித்த கறுப்புக் கோடுகள் ஞாபகம் இருக்கும். ஆனால் நம் வீட்டுச் சுவருக்கு வண்ணப் படம் வந்தது மரத்தின் வழியாக அல்ல, கல்லின் வழியாக.

கல்லச்சு என்கிற லித்தோ முறை எளிமையானது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் வரைவார்கள். கல்லைத் தண்ணீரால் நனைத்து அச்சு மை தடவினால், வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். தாளை வைத்து அழுத்தினால் படம் தயார். இங்கேயும் வண்ணத்துக்கு ஒரு கல். எடோவின் பலகைக் கணக்கு இங்கே கல் கணக்காக மாறியது, அவ்வளவுதான்.

ராஜா ரவிவர்மா 1894-இல் மும்பையில் ஓர் அச்சகம் தொடங்கினார். இயந்திரமும் தொழில்நுட்பம் தெரிந்த ஆட்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். முதலில் அச்சானது சகுந்தலையின் பிறப்பு. லட்சுமியும் சரஸ்வதியும் அடுத்தடுத்து வந்து நாடு முழுவதும் பரவினார்கள். அரண்மனையில் மட்டும் பார்க்க முடிந்த ரவிவர்மா ஓவியம் பஜாருக்கு வந்தது. கோவிலுக்குள் போக அனுமதி மறுக்கப்பட்டிருந்த மக்களின் வீட்டுக்கும் சாமி படம் போய்ச் சேர்ந்தது. இது சின்ன மாற்றம் இல்லை.

ஆனால் கணக்குப் புத்தகம் வேறு சொன்னது. அச்சகம் கடனில் விழுந்தது. லோனாவலா அருகே மலவ்லிக்கு மாறியது. கடைசியில் பிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்குக் கைமாறியது. 1972-இல் ஒரு தீ விபத்தில் அந்த அச்சகம் அழிந்தது. ஜப்பானில் ஓவியர் முதலாளி இல்லை, பதிப்பாளர்தான் முதலாளி என்று மேலே பார்த்தோம். அந்த ஏற்பாட்டின் அருமை இங்கேதான் தெரிகிறது.

தீப்பெட்டி கொண்டுவந்த அச்சு

இனி நம் பக்கத்து ஊருக்கு வருவோம்.

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ள ரயிலேறிக் கல்கத்தா போனார்கள். கல்கத்தாவில் அந்தத் தொழில் எப்படி வந்தது? 1910 வாக்கில் அங்கே குடியேறிய ஜப்பானியக் குடும்பங்கள் சின்ன இயந்திரங்களை வைத்துத் தீக்குச்சி செய்தன. அதைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் கற்றார்கள். அவர்களிடமிருந்து சிவகாசி கற்றது. அதற்கு முன்பு இந்தியக் கடைகளில் விற்ற தீப்பெட்டிகளில் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தவை ஏராளம். நம் வாடிக்கையாளரைப் பிடிப்பதற்காக அந்தப் பெட்டிகளின் லேபிளில் நம் சாமி படங்களையே அங்கே அச்சடித்து அனுப்பினார்கள். செட்டிநாட்டு வீடுகளில் ஜப்பான் டைல்ஸ் பார்த்திருப்பீர்கள். கிருஷ்ணர் படம் போட்ட டைல்ஸ்கூட ஜப்பானில் செய்து இந்தியாவுக்கு வந்திருக்கிறது.

தீப்பெட்டி என்றால் லேபிள் வேண்டும். லேபிளை வெளியூரில் அச்சடித்து வாங்கினால் கட்டுப்படியாகாது. அதனால் 1920-களின் இறுதியிலேயே சிவகாசியில் லித்தோ அச்சகம் தொடங்கிவிட்டது. பட்டாசும் சேர்ந்தது. லேபிளின் தேவை இன்னும் கூடியது. வண்ண அச்சில் கை தேர்ந்த பிறகு காலண்டருக்குப் போவது இயல்பான அடுத்த படி. வறண்ட பூமி ஈரப்பதம் இல்லாத காற்றைக் கொடுத்தது. தாளும் மையும் சீக்கிரம் காய்ந்தன. மழை இல்லாத குறை அச்சுக்கு வரமானது.

இயந்திரம் வந்தது, ஆள் இருந்தது. படம் வரைய ஓவியர் வேண்டுமே?

கோவில்பட்டி கொண்டைய ராஜு

கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய் என்பார்கள். அந்த ஊருக்கு இன்னொரு பெருமை சி. கொண்டைய ராஜு (1898–1976). மயிலாப்பூரில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். சில காலம் திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். 1940-களில் கோவில்பட்டியில் நிலைத்தார். தேவி ஆர்ட் ஸ்டுடியோ அங்கே உருவானது.

அவர் படங்களைப் பார்த்தால் நாடகத் திரையின் பழக்கம் தெரியும். பின்னால் அரண்மனைத் தூண்களும் தொங்கும் சீலையும் மலையும் நீரும் அடுக்கடுக்காக இருக்கும். முன்னால் தெய்வம் நேராக நம்மைப் பார்த்து நிற்கும். மதுரை மீனாட்சி கல்யாணம் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் மீனாட்சி தலை குனிந்து நிற்கிறாள். ஒரு பக்கம் சுந்தரேசுவரர் கையைப் பற்றுகிறார். மறுபக்கம் பெருமாள் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கிறார். மதுரைக் கோவில் கம்பத்தடி மண்டபத் தூணில் கல்லில் இருக்கும் அதே அமைப்பு. கோவிலுக்குப் போய்வந்தவர்களுக்கு அடையாளம் உடனே தெரியும். அது அவருடைய மிகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்று. கஜேந்திர மோட்சமும் அப்படியே.

அவரிடம் கற்றவர்கள் பலர். டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், எஸ். மீனாட்சிசுந்தரம், ஜி. செண்பகராமன் ஆகியோர் பெயர்களைப் பழைய காலண்டர்களில் காணலாம். சில படங்களில் குருவும் சீடரும் சேர்ந்து கையெழுத்திட்டிருப்பார்கள். சுப்பையாவின் பெயரும் கொண்டைய ராஜுவின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

எடோவின் நால்வர் ஏற்பாட்டை இப்போது சிவகாசியோடு வைத்துப் பாருங்கள். அச்சக முதலாளி பதிப்பாளர் இடத்தில் இருக்கிறார். கோவில்பட்டி ஓவியர் மூலப் படம் எழுதித் தருகிறார். வண்ணம் பிரித்துக் கல்லுக்கோ தகட்டுக்கோ மாற்றுகிறவர் செதுக்குகிறவர் இடத்தில். இயந்திரத்தில் நிற்கிறவர் அச்சடிக்கிறவர் இடத்தில். ரவிவர்மாவின் அச்சகத்துக்கு வாய்க்காத உறுதி இந்தப் பங்கீட்டுக்கு வாய்த்தது. கூடவே, படத்துக்கு விலை கொடுத்தவர் வீட்டுக்காரர் இல்லை. அதுதான் நம் ஊர் கண்டுபிடிப்பு.

இலவசமாக வந்த ஓவியம்

ஜவுளிக்கடை, உரக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை, வங்கி எல்லாமே ஆண்டுதோறும் காலண்டர் கொடுத்தன. ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பம் வெளியாகும். கடைக்காரர்கள் ஆல்பத்தைப் புரட்டிப் படத்தைத் தேர்ந்தெடுத்து, அடியில் தங்கள் கடைப் பெயரைப் போடச் சொல்வார்கள். ஆறு மாதத்துக்கு முன்பே ஆர்டர் பிடித்து, அதற்கேற்ப அச்சடிக்கும் முறை. சரக்கு தேங்காது. வணிகவியல் பாடத்தில் இதைவிட நல்ல உதாரணம் நான் படித்ததில்லை.

வங்கிக் கவுண்டரில் இருந்த காலத்தில் டிசம்பர் கடைசி வாரம் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். பாஸ்புக் போட வருகிறவர்களும் முதலில் கேட்பது, "சார், காலண்டர் வந்துடுச்சா?" என்றுதான். வட்டி விகிதத்தை அவ்வளவு ஆர்வமாகக் கேட்டவர்கள் குறைவு. "போன வருஷம் முருகன் குடுத்தீங்க, இந்த வருஷம் லட்சுமி இருந்தா குடுங்க சார்" என்று தேர்வு செய்து கேட்கிற பாட்டிமார்களும் உண்டு. பணம் கொடுத்து ஓவியம் வாங்க வழியில்லாத வீடுகளில், ஒரு சிறந்த ஓவியரின் படம் ஆண்டுக்கு ஒன்று இலவசமாகச் சேர்ந்தது. இது உலகத்தில் எத்தனை ஊரில் நடந்திருக்கும்?

ஆண்டு முடிந்ததும் தேதித்தாள் போய்விடும், படம் நிற்கும். கத்தரித்துப் படக்கடைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி போட்டு பிரேம் போடுவார்கள். சரிகை, ஜிகினா ஒட்டிப் புடவை கட்டியது போல அலங்கரிப்பதும் உண்டு. குங்குமப் பொட்டு வைத்ததும் அது காலண்டர் இல்லை, சாமி. அதே சிவகாசி அச்சில் வேளாங்கண்ணி மாதாவும் மெக்கா மதீனாவும் காந்தியும் காமராஜரும் வந்து அவரவர் வீட்டில் இடம் பிடித்தார்கள்.

கனடா நாட்டு மானிடவியலாளர் ஸ்டீபன் இங்லிஸ் கொண்டைய ராஜுவைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை 1995-இல் ஒரு நூலில் வெளியானது. அதன் தலைப்பின் பொருள் 'பிரேம் போடத் தகுந்தது'. அமெரிக்கப் பேராசிரியர் எச். டேனியல் ஸ்மித் நம் நாட்டுச் சாமி படங்களைப் பல ஆண்டுகள் சேர்த்தார். ஆயிரக்கணக்கான அந்தப் படங்கள் இன்று நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஆவணமாக இருக்கின்றன. கஜ்ரி ஜெயின் என்பவர் சிவகாசி வரை வந்து ஆராய்ந்து, 2007-இல் இந்தியக் காலண்டர் ஓவியம் பற்றித் தனி நூலே எழுதினார்.

நம் பக்கத்து ஊரில் வரைந்து, நம் பக்கத்து ஊரில் அச்சடித்த படத்தைப் பார்க்க, நம் பேரப்பிள்ளைகள் சிரக்யூஸ் போகவேண்டி வருமா? பாஸ்டனுக்கும் பாரிசுக்கும் போன ஜப்பான் படங்களின் கதையை இவ்வளவு விரிவாகச் சொன்னது இந்தக் கேள்விக்காகத்தான்.

உங்கள் வீட்டுப் படம் எந்த வகை?

ஒரு பூதக்கண்ணாடி போதும். படத்தை உற்றுப் பாருங்கள்.

வண்ணப் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், பேனாவால் கையில் வைத்தது போல இருந்தால் அது கல்லச்சுப் படம். மேலே வார்னிஷ் பளபளப்பும், சில படங்களில் கேன்வாஸ் துணி போன்ற சொரசொரப்பும் இருந்தால் ஓலியோகிராப் என்கிற பழைய வகை. புள்ளிகள் எல்லாம் வரிசையாக, பூப்போலக் கூட்டம் கூட்டமாக இருந்தால் ஆப்செட். நான்கே வண்ணம்தான் அதில் இருக்கும்: நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு.

அடுத்து, அடி ஓரம். ஓவியர் கையெழுத்தும் அச்சகத்தின் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மலவ்லி, கார்லா, லோனாவலா என்ற பெயர் இருந்தால் ரவிவர்மா அச்சகம். கராச்சி என்று போட்ட பிரிஜ்பாசி படமும், ஜெர்மனியில் அச்சான படமும் சில வீடுகளில் கிடைக்கலாம். எடோ காலத்துப் படங்களிலும் இதே போல ஓவியர் கையெழுத்து, பதிப்பாளர் முத்திரை, 1790-க்குப் பிறகு அரசாங்கத் தணிக்கை முத்திரை எல்லாம் இருக்கும். அவற்றை வைத்துத்தான் இன்று ஒவ்வொரு படத்துக்கும் காலம் குறிக்கிறார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். பிரேம் போடும்போது அடியில் உள்ள கடைப் பெயரை வெட்டிவிடாதீர்கள். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ என்றோ மூடிப்போன ஒரு கடையின் பெயர், தெரு, மூன்று இலக்கத் தொலைபேசி எண் எல்லாம் அந்தப் பட்டையில் இருக்கும். நம் பஜாரின் வரலாற்றுக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது கஷ்டம்.

காப்பாற்றுவது எப்படி?

செலவில்லாத வழிகள்தான்.

1. நேர் வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், கடைசியில் நீலம் மட்டும் மிஞ்சும்.

2. குளியலறையை ஒட்டிய சுவர், ஓதம் ஏறும் சுவர் கூடாது. படத்தின் பின்பக்கம் சுவரைத் தொடாமல் இருக்க, பிரேமின் கீழ் மூலைகளில் சிறு தக்கை வையுங்கள். காற்று போகும். கரையானும் ராமபாணப் பூச்சியும் அண்டாது.

3. விளக்குப் புகை நேராகப் படும்படி வைக்காதீர்கள். பொட்டு வைப்பதைக் கண்ணாடி மேல் மட்டும் வையுங்கள்.

4. கிழிந்த இடத்தில் செலோடேப் வேண்டாம். சில ஆண்டுகளில் பழுப்புக் கறை இறங்கும். லேமினேஷன் அறவே கூடாது, பிறகு பிரிக்க முடியாது.

5. பழைய பிரேமின் பின்பலகை தாளைப் பழுப்பாக்கும். மறுபடி பிரேம் போடும்போது அமிலமில்லாத அட்டை கேளுங்கள். தாள் கண்ணாடியில் ஒட்டாமல் இருக்க நடுவில் ஒரு அட்டைக் கரை வைக்கச் சொல்லுங்கள்.

6. கண்ணாடியில் ஏற்கெனவே ஒட்டிப்போன படத்தை இழுத்துப் பிரிக்காதீர்கள். அப்படியே விட்டுவிடுங்கள்.

7. பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள்: எந்த ஆண்டு, எந்தக் கடை கொடுத்தது, யார் கல்யாணத்துக்கு வந்தது. பேனா வேண்டாம், மை ஊறும்.

விலை ஏறும், கோடிக்குப் போகும் என்று நான் சொல்லவில்லை. வங்கியில் இருந்தவன் என்பதால் யாராவது இதை முதலீட்டு ஆலோசனையாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்! காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் போனால், இந்தப் படங்களுக்கு வாங்குகிற ஆள் இருக்கிறது என்பது தெரியும். அந்தப் படங்கள் எல்லாம் யாரோ ஒருவர் வீட்டை இடிக்கும்போது வெளியே வைத்தவைதான். விற்பதா வைத்துக்கொள்வதா என்பது அவரவர் விருப்பம். தெரியாமல் போகக்கூடாது என்பதுதான் என் கவலை.

சங்கத்துக்கு ஒரு யோசனை

செயற்குழுவின் முன் இதை வைக்கிறேன். நம் உறுப்பினர் வீடுகளில் 1980-க்கு முந்தைய அச்சுப் படங்கள், காலண்டர்கள் எத்தனை இருக்கின்றன என்று ஒரு கணக்கு எடுக்கலாம். படத்தை யாரும் கொண்டுவந்து கொடுக்க வேண்டாம். செல்போனில் மூன்று போட்டோ எடுத்தால் போதும்: முழுப் படம், அடி ஓரம், பின்பக்கம். கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காமல் கொஞ்சம் சாய்வாக நின்று எடுங்கள். பூஜை அறைக்குள் போட்டோ எடுக்க விருப்பமில்லாதவர்கள் படத்தில் இருக்கும் கையெழுத்தையும் அச்சகப் பெயரையும் மட்டும் எழுதி அனுப்பலாம். பட்டியல் போடும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். லெட்ஜர் எழுதிய கை, இதையும் எழுதும்.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் யாராவது உதவிக்கு வந்தால் நல்லது. கோவில்பட்டியும் சிவகாசியும் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். அச்சகங்களில் லித்தோ காலத்து வேலை தெரிந்த பெரியவர்கள் இருந்தால், அவர்கள் சொல்வதையும் பதிவு செய்துகொள்ளலாம். அந்தத் தலைமுறைக்கு வயதாகிவிட்டது. அதைத் தள்ளிப்போட முடியாது.

பெங்களூரில் ஹால் சுவரில் அலைப் படம் மாட்டியிருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் படம் இருக்கட்டும், நல்ல படம்தான். அடுத்த முறை ஊருக்கு வரும்போது தாத்தா வீட்டு மீனாட்சி கல்யாணத்தையும் எடுத்துப் போங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டலாம். ஒன்றுக்கொன்று பொருத்தமாகவே இருக்கும்.

படங்களின் விவரத்தை அடுத்த இதழ் வெளியாகும் முன் சங்க அலுவலகத்திலோ நம் வாட்ஸ்அப் குழுவிலோ தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.